புன்னவிளை வீட்டில் ஆள் உண்டு

அக்கா,

உங்கள் வீட்டுப் பெயர்ப் பலகை இப்போது என் ஃபிளாட்டின் வாசலில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. வெளிச்சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது இந்தக் கட்டடத்தின் சட்டம். கருங்கல்லில் வெட்டிய 'புன்னவிளை வீடு', மேலே மலையாளத்தில் பெரிதாக, கீழே தமிழில் சின்னதாக. ஒரு மூலை உடைந்திருக்கிறது. எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் மழை பெய்தால் அதிலிருந்து உங்கள் மதில்சுவரின் பாசி வாடை வந்துவிடுகிறது. இன்று காலை நல்ல மழை.

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வீடு வீடாக வரும் பி.எல்.ஓ. அங்கன்வாடி ஆசிரியையாம். குடை சொட்டச் சொட்ட நின்றார். எனக்கு ஆபீஸ் மீட்டிங் தொடங்கும் நேரம். கேட்பதைக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று வேகமாகப் பதில் சொன்னேன். அவர் பலகையைப் பார்த்துச் சிரித்தார். நாலாவது மாடியில் எங்கே விளைநிலம், எங்கே புன்னை மரம் என்று மலையாளத்தில் கேலி செய்தார். பிறகு எதிர்க் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தார். பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்.

"ஆப்போசிட் ஃபிளாட்டில் ஆளில்லே?"

உங்கள் வாசலில் ஒருநாள் கேட்ட அதே கேள்வி, அக்கா. நான் என்ன பதில் சொன்னேன் என்பது இருக்கட்டும். அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை முதலில் எழுத வேண்டும். இறந்துபோனவர்களைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அப்படி யாராவது சொன்னால் உங்களுக்கும் சிரிப்புத்தான் வரும்.

திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஃபிளாட் வாடகையைக் கேட்டு மிரண்டு, ஹைவேயிலிருந்து உள்ளே உள்ளே நடந்து உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மாடி அறையைக் காட்டுவதற்கு முன்பே விசாரணையைத் தொடங்கினீர்கள். குடிப்பாயா, கூட்டாளிகள் வந்து கும்மாளம் போடுவார்களா, மீன் பொரிப்பாயா. முதல் இரண்டும் இல்லை, மூன்றாவது உண்டு என்றேன். "எண்ணெய் தெறிச்சா நீதான் தொடைக்கணும், கேட்டியா" என்று சாவியைக் கையில் வைத்தீர்கள். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

நீங்கள் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாகர்கோவிலில் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டு, பாதி வாழ்நாளை ஓடுகிற பஸ்ஸில் நின்றே கழித்ததால், வீட்டுத் தரையிலும் காலை அகட்டி வைத்துத்தான் நடப்பீர்கள். எனக்கு எதிலும் பொறுமை கிடையாது. ஆட்டோவில் ஏறினால் நீங்கள் உட்காரும் முன்பே 'போகலாம்' என்பேன். "படியில காலு இருக்கான்னு பாக்காம பெல்லு அடிக்காத, எஞ்சினியரே" என்பீர்கள். ஒரு வாரத்தில் அந்த வாக்கியத்தைக் குறைந்தது நாலு இடத்தில் கேட்டுவிடுவேன். குக்கரை அவசரமாகத் திறந்தாலும் அதுதான்.

வீட்டுக்குப் பின்னால் லைன் வீடு. வரிசையாகக் கதவுகள், ஒரே ஓட்டுக்கூரை. திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துக் குடும்பங்கள். ஆண்கள் விழிஞ்ஞம் துறைமுக வேலைக்கோ கான்கிரீட் வேலைக்கோ போவார்கள், பெண்கள் ஹோட்டல் அடுக்களைகளுக்கு. முதல் கதவு இசக்கியம்மாளுடையது. மாவரைக்கிற வேலை. பத்து வருஷத்துக்கு மேல் அதே கதவு. அவள் முதன்முதலில் என்னிடம் கேட்டது ஒரு விசித்திரமான உதவி. தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்கள் உங்கள் கேட் வரைக்கும் வந்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், பின்னால் வருவதே இல்லை, ஏன் என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்றாள்.

"ஓட்டு கேக்கக்கூட ஆளு வரமாட்டேங்காவ தம்பி. நாங்க என்ன, தென்னை மரமா?"

விசாரித்தேன். லைனில் ஓட்டு இருப்பது கட்சிக்காரர்களுக்கே தெரியவில்லை. ஆனால் இருந்தது. உங்கள் கணவர் இருந்த காலத்தில் அவர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய், புன்னவிளை வீடு என்ற முகவரியிலேயே பெயர் சேர்த்துவிட்டிருந்தார். ஊரில் இருந்த ஓட்டு எப்போதோ போய்விட்டது. அங்கே போய்க் கேட்டால் 'கேரளாவுக்குப் போனவங்க'. ஆக, இந்த நாட்டில் இசக்கியம்மாளின் பெயர் ஓட்டுக்கென்று எழுதப்பட்டிருந்த ஒரே இடம் உங்கள் வீட்டுப் பெயருக்குக் கீழேதான்.

அதற்குப் பிறகுதான் நாடு முழுக்கப் பட்டியலைத் திருத்தும் வேலை வந்தது. செத்தவர்கள் பெயரும், இரண்டு இடத்தில் இருக்கிற பெயரும் போக வேண்டும் என்றார்கள். நான் மென்பொருளைச் சோதிக்கிறவன். குப்பைத் தரவைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். அந்த வேலை தேவைதான் என்று உங்களிடமே வாதாடியிருக்கிறேன். இன்றும் அதில் மாற்றமில்லை.

பி.எல்.ஓ. உங்கள் கேட்டுக்கு வந்த வாரம் லைன் காலி. இசக்கியம்மாளின் ஊர் அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா. லைனில் பாதிக்கு மேல் அந்த ஊர், மீதிப்பேர் அந்த ஊரில் பெண் எடுத்தவர்கள். கல்யாணத்துக்கு லீவு போடாதவர்கள்கூடக் கொடைக்கு மூட்டை கட்டிவிடுவார்கள். எல்லாக் கதவிலும் பூட்டு. நான் மாடியில், காதில் ஹெட்செட்டோடு, யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். அந்த அலுவலர் பின்பக்கம் ஆள் இல்லையா என்று விசாரித்தது காதில் விழுந்தது. நீங்கள் சொன்னதும் கேட்டது.

"ஆரும் இல்ல. எல்லாரும் ஒழிஞ்சு போயாச்சு."

திரும்பி வருவார்களா என்று கேட்டார். தெரியாது என்றீர்கள். அவர் ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி வந்தேன். நீங்கள் முகம் கொடுக்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தீர்கள். காரணம் வெளியே வர நேரமானது. உங்கள் கொழுந்தனார் வந்து பயம் காட்டிவிட்டுப் போயிருந்தார். வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்த முகவரியில் ஓட்டு இருந்தால் நாளைக்கு இடமே எங்களுடையது என்று கேஸ் போடுவார்கள், ஆள் இல்லாதபோதே பெயரை எடுத்துவிடச் சொல் என்று. ஓட்டுக்கும் பத்திரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நான் விளக்கினேன். போனில் சட்டத்தைத் தேடிப் படித்தும் காட்டினேன். நீங்கள் அசையவில்லை. "நீ படிச்சது கம்ப்யூட்டர் ஆக்கும். வக்கீலுக்கு இல்லியே" என்றீர்கள்.

எனக்குக் கோபம் வந்தால் சொற்களைத் தேட வேண்டியதில்லை, கையில் இருப்பதை எறிவேன். உங்கள் வாக்கியத்தையே எடுத்து எறிந்தேன். படியில் இத்தனை பேர் கால் இருக்கும்போது பெல் அடித்துவிட்டீர்களே, நீங்கள் என்ன கண்டக்டர் என்று கேட்டேன். மடித்த துணியைக் கீழே வைத்தீர்கள்.

"மாடியில வாடகைக்கு இருக்குதவன் எனக்கு பஸ் ஓட்டப் படிப்பிக்காண்டாம்."

அதோடு பேச்சு நின்றது. மாடிக்கு வந்துகொண்டிருந்த மீன் குழம்பும் நின்றது. உங்கள் மேலேயே புகார் எழுதுவதென்று நான் முடிவு செய்தேன். எழுதியும் வைத்தேன். அனுப்புவதற்குள் கொடை முடிந்து லைன் திரும்பிவிட்டது.

அன்று சாயங்காலம் இசக்கியம்மாள் உங்கள் அடுக்களை வாசலுக்கு வந்தாள். கையில் தூக்குவாளி, அதில் கிடாக்கறி. இன்னொரு கையில் வாழையிலைப் பொதி. பிரித்தால் தேங்காய் முறி, பழம், மஞ்சள் காப்பு. நான் தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தேன். நீங்கள் அவளை நேருக்கு நேர் பார்க்காமல், கறி எல்லாம் எதற்கு, எனக்குச் செரிக்காது என்றீர்கள்.

"எக்கா, இது தானமில்ல. ஒம் பங்கு" என்றாள் இசக்கியம்மாள். "இந்த வருசம் ஒனக்குத் தலைக்கட்டு வரி குடுத்தாச்சு."

உங்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, நானும் அந்தச் சீமைக்காரன் என்பதால். எங்கள் பக்கத்தில் கொடைக்கு வரி கொடுக்கிற குடும்பம்தான் ஊரின் தலைக்கட்டு. பம்பாயில் இருந்தாலும் சரி, வரி கொடுத்தால் ஊரில் ஆள் இருப்பதாகக் கணக்கு, வெட்டிய கிடாயில் பங்கு உண்டு. வெளியாளிடம் நன்கொடை வாங்குவார்களே தவிர, வரி வாங்க மாட்டார்கள். இசக்கியம்மாள் கோயில் கமிட்டியோடு சண்டை போட்டிருக்கிறாள். அந்தச் சண்டையை அவள் நடித்தே காட்டினாள்.

"வெளியாளு பேருல எழுத மாட்டோம்னு சொன்னாவ. நான் விடலயே. ஏல, பத்து வருசமா அவ வூட்டுலதான் சோறு பொங்குதேன், அவ எப்பிடில வெளியாளுன்னு கேட்டேன். கடேசில எழுதினானுவ. மைக்குல வாசிச்சானுவ எக்கா, திருவனந்தபுரம் புன்னவிளை வீடுன்னு. ஊரே கேட்டுது."

நீங்கள் தூக்குவாளியை வாங்கிக்கொண்டீர்கள். அவள் போன பிறகும் அதைக் கீழே வைக்காமல் நின்றீர்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அது ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து மாடிப்படிக்குக் கீழே நின்று என்னைக் கூப்பிட்டீர்கள்.

"அந்த ஆபீசருக்க நம்பர் உனக்கு அறியுமா?"

அறியும். பேசினோம். அறிக்கையைப் பதிவேற்றியாகிவிட்டது, இனி வரைவுப் பட்டியல் வந்த பிறகு மனு போடுங்கள் என்றார். பட்டியல் வந்தது. லைனில் ஒரு பெயரும் இல்லை. எல்லாருக்கும் எதிரே ஒரே காரணம், நிரந்தரமாக இடம் மாறியவர். மாடியில் இருந்த என் பெயர் மட்டும் பத்திரமாக இருந்தது. அன்று இசக்கியம்மாள் என் போனை வாங்கி, படிக்கத் தெரியாத மலையாளத்தில் தன் பெயரைத் தேடுவதுபோல் மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தாள். அங்கேயும் போயிற்று, இங்கேயும் போயிற்று, இனி எந்த ஊர்க்காரி என்று கேட்டால் என்ன சொல்ல என்றாள். நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள்.

மனுக்களை நான் நிரப்பினேன். ஊர்ப் பட்டியலில் இவர்கள் யாரும் இல்லை என்பதை ஒவ்வொரு பெயராகத் தேடி அச்செடுத்தேன், இரட்டைப் பதிவு என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பதற்காக. விசாரணைக்கு எல்லாரும் வில்லேஜ் ஆபீஸுக்குப் போனோம். பஸ்ஸில் உங்களுக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. நடுவில் காலை அகட்டி நின்றுகொண்டு, இசக்கியம்மாளை முன்னால் தள்ளி, குழந்தை வைத்திருந்தவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்து, அந்த பஸ்ஸின் கண்டக்டரே ஒதுங்கி நிற்கும்படி செய்தீர்கள்.

அந்த அறையில் அதிகாரி கேட்டது நியாயமான கேள்விதான். வீட்டுக்காரி நீங்கள்தானே ஆள் இல்லை என்று சொன்னீர்கள், இப்போது எப்படி இருக்கிறார்கள் என்றார். அலுவலர் தவறாகக் குறித்துக்கொண்டார் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். இதைப் பற்றி நாம் முன்னமே பேசிக்கொள்ளவில்லை. லைன் முழுக்க உங்கள் பின்னால் நின்றது. நீங்கள் தமிழும் மலையாளமும் கலந்து சொன்னதை அப்படியே வைத்திருக்கிறேன்.

"அன்னைக்கு நான் பேடிச்சுப் போயி பொய் சொன்னேன் சாரே. இவங்க எங்கயும் போகல்ல. என் வீட்டில ஆள் உண்டு. எழுதிக்கோங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். எனக்கு அதிகாரியைவிட இசக்கியம்மாளின் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நம் ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பில்தான் அவள் திரும்பினாள்.

"பொய் சொன்னதுக்கு அடுத்த கொடைக்கு ரெண்டு தலைக்கட்டு வரி எக்கா. ஒரு பைசா கொறைய மாட்டேன்."

"போடி" என்றீர்கள். அவ்வளவுதான். அன்று ராத்திரி மாடிக்கு மீன் குழம்பு வந்தது.

பெயர்கள் எல்லாம் திரும்பி வந்தன. அடுத்த தேர்தலில் கட்சிக்காரர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. லைனுக்குள் நோட்டீஸ் மழை. ஒரே நாளில் மூன்று கட்சிக்காரர்கள் வந்து எழுப்பிவிட்டதாகவும், நைட் டூட்டி பார்த்த மனுஷன் தூங்க வேண்டாமா என்றும் இசக்கியம்மாள் என்னிடமே சண்டைக்கு வந்தாள். நீங்கள்தானே கேட்டீர்கள் என்று அவளிடம் சொன்னேன். "கேட்டேன், இம்புட்டா கேட்டேன்?" என்றாள்.

ஓட்டுப்போட்டுவிட்டு வந்து உங்கள் முன்வாசலில் எல்லாரும் நாற்காலியிலும் படியிலுமாகக் பால் விடாத கட்டஞ்சாயா குடித்தது நினைவிருக்கிறதா? அன்றைக்குத்தான் அந்தத் தென்காசி வண்டிக் கதையைச் சொன்னீர்கள். தேர்தலுக்கு முந்தின நாள் பஸ் நிறைய நம் ஆட்கள். கூலியை விட்டுவிட்டு, மேலில் சிமென்ட் தூசியோடு, ஒரு பட்டனை அமுக்குவதற்காக நின்றுகொண்டே மலை தாண்டிப் போவார்கள், மறுநாள் அதே வண்டியில் திரும்புவார்கள். அவர்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்து விடுகிற டூட்டி உங்களுக்கு. அதனால் பல தேர்தலில் உங்களுக்கே ஓட்டுப் போட வாய்க்கவில்லை. "ஓட்டு ஒரு ஊர்ல, ஆளு ஒரு ஊர்ல. இது என்ன ஏற்பாடு?" என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "நீ எஞ்சினியர்தானே, செரியாக்கு" என்றீர்கள், குழாய் ஒழுகுவதைச் சொல்வதுபோல.

முயன்றுகொண்டிருக்கிறேன், அக்கா. நானும் ஆபீஸ் நண்பர்கள் சிலரும் எழுதுகிறோம், எம்.பி.க்களுக்கு, ஆணையத்துக்கு, கேட்கிறவர்களுக்கெல்லாம். ஓட்டு என்பது ஊருக்கு ஊர் ஒரு வழக்கமாக இருக்கக் கூடாது, நாடு முழுக்க ஒரே சட்டம் வேண்டும் என்கிறோம். ஒருவர் பெயரை எடுக்கும் முன் அவரையே தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும், பூட்டின கதவையும் பக்கத்து வீட்டுப் பேச்சையும் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குடியிருப்பவர் தன் வாயால் சொன்னால் போதும், வீட்டுக்காரரின் தயவு தேவைப்படக் கூடாது. உங்களைப் போல மனம் மாறுகிற வீட்டுக்காரி எல்லா லைனுக்கும் கிடைக்க மாட்டாள். இடம் மாறினால் பெயரும் கூடவே வர வேண்டும். பிழைக்கப் போன ஊரிலிருந்தே ஓட்டுப் போட வழி வேண்டும். என் வேலையில், உறுதியா என்று கேட்காமல் ஒரு பதிவை அழிக்கும் மென்பொருளை நான் வெளியே விட மாட்டேன். ஒரு கடைக்காரனின் பில் புத்தகத்துக்குக் கொடுக்கிற மரியாதையை மனுஷன் பெயருக்கும் கொடுங்கள் என்று ஒரு மனுவில் எழுதினேன். நண்பர்கள் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். இதுவரை 'பெற்றுக்கொண்டோம்' என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. முன்பென்றால் கம்ப்யூட்டரைத் தூக்கி எறிந்திருப்பேன். இப்போது அடுத்த மனுவை எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு உங்கள் மகள் வெளிநாட்டிலிருந்து வந்து இடத்தை விற்றுவிட்டாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தப் பலகையை என்னிடம் அவளே எடுத்துக்கொடுத்தாள். இடிக்கிற இயந்திரம் வருவதற்கு முன்பே லைன் கலைந்து நாலு பக்கம் போயிற்று. ஆனால் போகும்போது ஒவ்வொருவரும் ஓட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள். புது முகவரிக்கு மாற்றும் மனுவை இசக்கியம்மாளே முன்னின்று போட வைத்தாள். புது வீட்டுக்காரர் முகம் சுளித்தபோது, எங்க பழைய வீட்டுக்காரி ஆபீஸரு முன்னாலயே எழுதிக்கோன்னு சொன்னா, நீரு என்னவே என்று கேட்டாளாம். கொடைக்குப் புன்னவிளை வீட்டுப் பெயரில் இன்னும் வரி போகிறது. மைக்கில் இன்னும் வாசிக்கிறார்கள். அந்த முகவரியில் இப்போது இருப்பது ஒரு குழியும் நாலு கம்பியும் என்று கமிட்டிக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் பங்குக் கறியை நான்தான் சாப்பிடுகிறேன்.

இன்று காலைக்கு வருகிறேன். எதிர் ஃபிளாட்டில் ஒடிசாவிலிருந்து வந்த மூன்று நர்ஸ் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவர்களுக்குப் புரியாது. லிஃப்டில் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான். 'தெரியாது' என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தால் மீட்டிங்குக்குச் சரியான நேரத்தில் போயிருப்பேன். அந்த அம்மாவின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. பலகையிலிருந்து பாசி வாடை வந்துகொண்டிருந்தது.

ஆள் உண்டு என்றேன். மூன்று பேர், ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போயிருக்கிறார்கள், ஆள் இல்லை என்று எழுதிவிடாதீர்கள் என்றேன். அவருக்கு ஒரு நாற்காலி போட்டேன், கட்டஞ்சாயா கொடுத்தேன். கீழே செக்யூரிட்டியிடம் நம்பர் வாங்கி அந்தப் பெண்களில் ஒருத்தியைப் போனில் பிடித்து, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். டூட்டி முடிந்து ஓடி வருகிறோம் என்றாள். அங்கன்வாடி அம்மா அதுவரை மேல்மாடிகளை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் படியேறினார். மீட்டிங்கில் என்னைத் தேடி மூன்று முறை அழைப்பு வந்திருந்தது.

நான் எடுக்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, லிஃப்ட் வருகிறதா என்று பார்த்தபடி, உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். படியில் கால் இருக்கிறது, அக்கா. பெல் அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது.